ஒரு கோப்புறை மட்டும் கொப்பியாகவில்லையா? அதை விட்டுவிடாதீர்கள்

கடைக் கணக்கைக் கணனியில் வைத்திருக்கும் நமது வியாபாரிகளில் பலர், மாதம் ஒரு முறையாவது அதனை வேறொரு ஹார்ட் டிஸ்கில் கொப்பி பண்ணி வைக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் கொப்பி முழுமையாக முடிந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "எல்லாம் ஏறிட்டு மகன். ஒண்டு ரெண்டு மட்டும் ஏறமாட்டன் எண்டு நிண்டிச்சி. அத விட்டுட்டன்."

அந்த ஒன்றிரண்டைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில். கணக்கு கணனிக்குள் போன நாளிலிருந்து, கணனியில் ஏற்படும் கோளாறும் என்னிடமே வருகிறது. நான் பார்த்த வரையில், கொப்பியாக மறுக்கும் கோப்புறை வேண்டாத குப்பையாக இருப்பது குறைவு. முதலாளிக்கு மிகவும் வேண்டிய கோப்புறையே அப்படி நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தினமும் திறந்து வேலை செய்யும் கோப்புத்தான் பூட்டப்பட்டிருக்கும். வருடக்கணக்காக வளர்ந்த கோப்புத்தான் பென் ட்ரைவுக்குள் அடங்காது. முதலாளியின் சொந்தப் பெயரிலுள்ள கோப்புறைதான் இன்னொரு கணனியில் திறக்க மறுக்கும்.

கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மின்சாரம் போய் வந்த ஒரு மாலையில் அந்தக் கடையின் கணனி எரிந்துவிட்டது. முதலாளி பதறவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு மாதமும் எடுத்த பெக்அப் அலுமாரியில் இருந்தது. அதனைத் திறந்து பார்த்தோம். கடிதங்கள் இருந்தன, விலைப்பட்டியல்கள் இருந்தன, மகளின் கல்யாணப் படங்கள்கூட இருந்தன. பில் போடும் மென்பொருளின் தரவுக் கோப்பு மட்டும் எட்டு மாதத்தில் ஒரு மாதத்துக்கும் இல்லை. கொப்பி பண்ணும் ஒவ்வொரு முறையும் திரையில் வந்த எச்சரிக்கைக்கு 'ஸ்கிப்' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கடன் நிலுவைகள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருந்தன. பில் புத்தகத்தின் கார்பன் தாள்களை வைத்துக் கணக்கைத் திரும்பக் கட்ட இரண்டு மாதம் சென்றது. கடன் வாங்கியவர்களில் பலர் தாங்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். மௌத்தாகிவிட்ட ஒருவரின் பிள்ளைகள் வந்து, "வாப்பா உங்களுக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டபோது, முதலாளியால் ஒரு தொகையைச் சொல்ல முடியவில்லை. கூட்டிச் சொல்லவும் பயம், குறைத்துச் சொல்லவும் பயம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லப்பட்ட சமூகம் நாம். எழுதியது அழிந்துபோனால் இரண்டு பக்கத்துக்கும் பாரம்தான்.

இது சிறு கடைகளுக்கு மட்டும் வரும் வினையல்ல. 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி நமது அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகையைச் சேர்ந்த வைரஸ் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. சேவையை விரைவாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து போய்விட்டது. பெக்அப் இருக்கிறது என்று நம்புவதும், இன்று வரைக்கும் இருக்கிறதா என்று பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள்.

சரி, கோப்புறை ஏன் மறுக்கிறது? திரையில் வரும் செய்தி ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள். அந்தச் செய்தியில்தான் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் அதனைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக அது கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

1. கோப்பு பாவனையில் உள்ளது

'ஃபைல் இன் யூஸ்' என்று வந்தால், அந்தக் கோப்பை ஏதோ ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். எக்ஸெல் தாள் என்றால் மூடினால் போதும். கடையில் இரண்டு மூன்று கணனிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால் எல்லாவற்றிலும் மூட வேண்டும். மேலே முதலாளியின் கணனியில் மூடிவிட்டு, கீழே பில் கவுண்டரில் திறந்து கிடந்தால் பயனில்லை.

பில் போடும் மென்பொருட்கள் பல, 'எஸ்.கியூ.எல். சேர்வர்' என்ற தரவுத்தளத்தை அடியில் வைத்து இயங்குகின்றன. மென்பொருளை மூடினாலும் அந்தச் சேர்வர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தரவுக் கோப்பு எப்போதும் பூட்டியே இருக்கும். மேலே சொன்ன கடையில் நடந்தது இதுதான். இத்தகைய கோப்பைச் சாதாரணமாக இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ண முயலாதீர்கள். மென்பொருளுக்குள்ளேயே 'பெக்அப்' என்ற வசதி இருக்கும். அதனை அழுத்தினால் தனியாக ஒரு கோப்பு உருவாகும். அந்தக் கோப்பைத்தான் வெளி டிஸ்குக்கு எடுக்க வேண்டும். அந்த வசதி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், மென்பொருளை விற்றவரிடம் இன்றே கேளுங்கள். வருடாந்தப் பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறவர் இதனைக் காட்டித்தர வேண்டியவர்.

2. கோப்பு மிகப் பெரியது

பென் ட்ரைவில் 20 ஜிபி இடம் வெறுமையாக இருக்கும். 5 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு ஏறாது. முதலாளி பென் ட்ரைவைக் குறை சொல்வார். பிழை அதன் அமைப்பு முறையில் இருக்கிறது. 32 ஜிபி வரையிலான பென் ட்ரைவுகள் பல, 'ஃபட் 32' என்ற பழைய முறையில்தான் கடைக்கு வருகின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. எத்தனை கோப்பும் வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். பல வருட மின்னஞ்சலைச் சேர்த்து வைக்கும் அவுட்லுக் கோப்பு, பாதுகாப்புக் கமராவின் வீடியோ, மென்பொருள் உருவாக்கும் பெக்அப் கோப்பு ஆகியன இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

பென் ட்ரைவில் உள்ளவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அதனை 'என்.டி.எஃப்.எஸ்.' அல்லது 'எக்ஸ்ஃபட்' முறையில் ஃபோர்மட் பண்ணினால் பிரச்சினை தீரும். ஃபோர்மட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

பெரியது என்பதற்காக ஒன்றை விட்டுவிடுவதன் விலையைத் தென்கொரியா 2025 இல் கண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 26 இல் டேஜோன் நகரின் அரச தரவு நிலையத்தில் தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் தமது வேலைக் கோப்புகளை வைத்திருந்த 'ஜி ட்ரைவ்' என்ற களஞ்சியத்தின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு அதிகம் என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்தில் பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

3. பெயர் மிக நீளம்

விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி சாதாரணமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். முழு முகவரி என்பது கோப்பின் பெயர் மட்டுமல்ல. அது இருக்கும் கோப்புறை, அதன் மேலுள்ள கோப்புறை, டிஸ்கின் எழுத்து எல்லாம் சேர்ந்தது. நம்மவர்கள் 'பெக்அப்' என்ற கோப்புறைக்குள் 'பழைய பெக்அப்', அதற்குள் 'கடைக் கணனி முழுவதும்' என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பழைய இடத்தில் ஒழுங்காகத் திறந்த கோப்பு, புதிய அடுக்குக்குள் போகும்போது எல்லையைத் தாண்டி நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 'க்' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணனிக்கு இரண்டு. 'கொ' என்பதும் அப்படியே. ஆகவே தமிழ்ப் பெயர் நாம் எண்ணுவதை விட விரைவாக இடத்தைப் பிடிக்கும். தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டியதில்லை, பெயரைச் சுருக்கினால் போதும். வெளி டிஸ்கில் மேற்கோப்புறைக்கு வருடத்தையும் மாதத்தையும் மட்டும் பெயராக வையுங்கள்.

4. அனுமதி இல்லை

பழுதான கணனியின் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணனியில் மாட்டும்போது 'அக்செஸ் டினைட்' என்ற செய்தி வரும். முதலாளியின் பெயரிலுள்ள கோப்புறை பழைய கணனியின் பயனாளருக்குச் சொந்தம் என்று பதியப்பட்டிருப்பதே காரணம். நிர்வாகி உரிமையுள்ள பயனாளராக நுழைந்து, 'கன்டினியூ' என்பதை அழுத்தினால் பல வேளைகளில் திறக்கும். இல்லாவிட்டால் கோப்புறையின் 'செக்கியூரிட்டி' பகுதியில் உரிமையாளரை மாற்ற வேண்டும். கணனி தெரிந்த பிள்ளை ஒருவரை வைத்துச் செய்யலாம். முதலாளியின் கோப்புறையில் மட்டும் செய்யச் சொல்லுங்கள், முழு டிஸ்கிலும் வேண்டாம்.

உண்மையிலேயே விட்டுவிடக்கூடியவையும் இந்த வகைக்குள்தான் இருக்கின்றன. 'சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன்' என்ற கோப்புறை விண்டோஸின் சொந்தத் தேவைக்கானது. பழைய விண்டோஸை நினைத்து வைக்கப்பட்டுள்ள 'டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா' போன்றவை இன்றைய விண்டோஸில் உண்மையான கோப்புறைகள் அல்ல, வேறிடத்தைக் காட்டும் கைகாட்டிகள். இவை மறுத்தால் கவலை வேண்டாம்.

டிஸ்கே பூட்டப்பட்டிருந்தால் கதை வேறு. விண்டோஸ் 11 உடன் வரும் புதிய மடிக்கணனிகள் பலவற்றில், டிஸ்க் முழுவதும் தானாகவே சங்கேதமாகப் பூட்டப்படுகிறது. டிஸ்கைக் கழற்றி வேறு கணனியில் மாட்டினால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது இல்லாமல் எந்தத் தொழில்நுட்பவியலாளராலும் திறக்க முடியாது. கணனி நன்றாக இருக்கும்போதே அந்த இலக்கத்தை எடுத்து, தாளில் எழுதி, கடை உறுதிப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

5. வாசிக்க முடியவில்லை

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். கொப்பி ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும், வேகம் பூச்சியத்துக்கு இறங்கும், 'சி.ஆர்.சி.' என்ற எழுத்துக்களுடன் பிழைச் செய்தி வரும். சில வேளை டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். டிஸ்கின் தட்டில் அந்த இடம் பழுதாகிவிட்டது என்பதற்கான அறிகுறிகள் இவை.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், இன்னொரு யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகிப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நமது ஊர்களில், உப்புக் காற்றுப் பட்டு இணைப்பு முனைகள் கறுத்துப்போவது சாதாரணம். கேபிள் மாற்றியும் நின்றால் அல்லது சத்தம் கேட்டால், திரும்பத் திரும்ப முயல வேண்டாம். டிஸ்கைத் திருத்தும் 'செக் டிஸ்க்' கட்டளையையும் அப்போது ஓட்ட வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்குக்கு அது மேலதிக ஓட்டம். மிச்சமுள்ள உயிரில் எதை எடுப்பது என்று தீர்மானியுங்கள். முதலில் கணக்கு, அடுத்தது உறுதிப் பத்திரங்களின் ஸ்கேன், அதற்கடுத்து கடிதங்கள். படங்களும் வீடியோக்களும் கடைசி. அதுவும் முடியாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்கும் தொழில் செய்பவரிடம் கொடுங்கள்.

வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவதும் டிஸ்குக்கும் கோப்புக்கும் பெரும் எதிரி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் திடீரென இருண்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கணனியை முறையாக நிறுத்துவதற்குச் சில நிமிடம் தரும் ஒரு சிறிய யூ.பி.எஸ்., தரவு மீட்புக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் மலிவு.

6. செய்தியே வராத மோசடி

இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, போலிப் பென் ட்ரைவ். வெளியில் 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். கொப்பி நன்றாக ஓடி முடியும், பிழை எதுவும் வராது. பிறகு திறந்தால் கோப்பு திறக்காது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் கணக்கை அதில் வைக்காதீர்கள்.

மற்றது, கணனியில் இருப்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் கிளவுடில் மட்டும் இருக்கும் கோப்பு. ஒன்ட்ரைவ் பாவிப்பவர்களின் கோப்புக்குப் பக்கத்தில் சிறிய மேக அடையாளம் இருந்தால், அதன் பெயர் மட்டுமே உங்களிடம் இருக்கிறது. இன்டர்நெட் இல்லாத நேரம் கொப்பியாகாது. அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, எப்போதும் இந்தக் கணனியில் வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்து, இறங்கி முடிந்த பின் கொப்பி பண்ணுங்கள்.

விடுபட்டதை எழுதி வைக்கும் கொப்பி

சுட்டியால் இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணும்போது எது விடுபட்டது என்ற பதிவு எஞ்சாது. விண்டோஸுக்குள்ளேயே 'ரோபோகொப்பி' என்ற கட்டளை இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. நீளமான முகவரிகளையும் அது ஏற்கும். எது ஏறியது, எது ஏறவில்லை என்று ஒரு பதிவுக் கோப்பில் எழுதியும் வைக்கும். கணனி தெரிந்த பிள்ளையிடம் ஒரு முறை அமைத்துத் தரச் சொன்னால், பிறகு இரண்டு முறை சுட்டியைத் தட்டினால் போதும்.

அமைக்கும்போது இரண்டு விடயத்தைச் சொல்லுங்கள். ஒன்று, ஏறாத கோப்பை அது தன் பாட்டில் 10 இலட்சம் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 30 விநாடி காத்திருந்து முயலும். இரவு முழுவதும் ஒரே கோப்பில் நிற்கும் மர்மம் இதுதான். முயற்சியையும் காத்திருப்பையும் ஒன்றாகக் குறைத்து அமைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, 'மிரர்' என்ற தெரிவு வேண்டாம். மூலத்தில் தவறுதலாக அழிந்த கோப்பை அது பெக்அப்பிலிருந்தும் அழித்துவிடும்.

கொப்பி முடிந்ததும் பதிவைப் பாருங்கள். மூலத்திலும் பிரதியிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். அதன் பின், மாதம் ஒரு முறை அந்தப் பெக்அப்பை வேறொரு கணனியில் போட்டு, ஒரு வாடிக்கையாளரின் நிலுவையைத் திறந்து, கடையிலுள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். திறந்து பார்க்காத பெக்அப்பை நான் பெக்அப் என்று கணக்கெடுப்பதில்லை.

வரிக் காரணமும் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல், வற் வரிக்குப் பதிய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறக்கப்பட்டது. முன்பு இந்தப் பக்கமே பார்க்காத நடுத்தரக் கடைகளும் உள்ளே வந்தன. இறைவரித் திணைக்களம் கணக்கைக் கேட்கும்போது, கணனி எரிந்துவிட்டது என்ற பதில் உதவாது.

பிரதியை எங்கே வைப்பது?

ஒன்று கடையில், ஒன்று வீட்டில் என்று வைத்திருப்பவர்களைப் பாராட்டலாம். ஆனால் நமது ஊர் அமைப்பில் அது போதாது. 1978 நவம்பர் சூறாவளியும், 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2011 ஜனவரி வெள்ளமும் கடை வேறு வீடு வேறு என்று பார்க்கவில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் தண்ணீர் ஏறலாம். மூன்றாவது பிரதி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் மகனிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைக்கலாம், அல்லது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய கோப்பாக இன்டர்நெட் வழியே கிளவுடில் ஏற்றலாம். கடைக் கணக்கு அளவில் பெரிதல்ல. படங்களையும் வீடியோவையும் நீக்கிவிட்டால் பல கடைகளின் முழுக் கணக்கும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும்.

பெக்அப் டிஸ்கை எப்போதும் கணனியில் செருகியே வைக்காதீர்கள். 2023 இல் அரச மின்னஞ்சலுக்கு வந்ததைப் போன்ற வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பக்கெட் ஒன்றுடன் மூடிய பெட்டியில் வையுங்கள்.

நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும்போது எல்லாக் கணனிகளிலும் மென்பொருள் மூடப்படுகிறது. பூட்டுவதற்குச் சற்று முன்னர் மென்பொருளின் பெக்அப்பை எடுத்து, கொப்பியைத் தொடக்கிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பதிவைப் பாருங்கள். ஏறாமல் நின்ற கோப்புறை இருந்தால், அதன் பெயரையும் திரையில் வந்த செய்தியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கு முன் அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த வரியை வெட்டிவிடுங்கள்.